வன்னியில் விண்ணப்பத்தின் வரலாறு

வன்னிநாட்டு மக்களின் பேச்சுவழக்கிலே 'பெட்டிசம்' என்றொரு சொல் உண்டு. உத்தியோகம் கேட்டு எழுதுவதும் பெட்டிசம். விதானையார்மீது முறையிட்டு எழுதுவதும் பெட்டிசம். பெயரிடாது எழுதி இரவோடிரவாகத் தபாற்பெட்டியிற் போடுவதோ மொட்டைப் பெட்டிசம். ஆங்கிலேயர் கொணர்ந்த ஒரு சொல் தமிழ் நாவிற் புரண்டு உருமாறி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இத்தனை பொருள்களையும் சுமந்து நிற்கின்றது. தொடர்பில்லை என்பதும் மேலெழுந்த பார்வையே. இவை எல்லாவற்றிலும் எழுதுகின்றவன் கீழே நிற்கின்றான். வாசிப்பவர் மேலே வீற்றிருக்கின்றார். எழுதுகின்றவன் இரக்கத்தை வேண்டுகின்றான். வாசிப்பவர் மனமிருந்தால் இரங்குகின்றார். வேலை தேடும் ஒருவன் தன் தகுதியை எடுத்துரைக்கும் மடலுக்கும், துன்புற்றவன் கருணை வேண்டி எழுதும் மடலுக்கும் ஒரே பெயர் வழங்கியமை தற்செயலன்று. அப்பெயர் எவ்வாறு வந்தது, அதனால் வன்னி மக்கள் பெற்றது யாது, இழந்தது யாது என்பன ஆராயத் தக்கன.

பழைய வன்னியில் வேலை கேட்டு எழுதுவார் எவரும் இருந்திலர். எழுதவேண்டிய தேவையும் இருந்ததில்லை. அடங்காப்பற்று எனப் பெயர்பெற்ற அந்நாட்டை வன்னிபங்கள் ஆண்டனர். ஒல்லாந்தர் காலத்தில் யானைகளைத் திறையாகச் செலுத்தியும், சில வேளைகளிற் செலுத்த மறுத்தும் அவர்கள் தம் நிலையைக் காத்துவந்தனர். யானை பிடிப்போர், குளங்கட்டுவோர், வாய்க்கால் காப்போர், வயல் விதைப்போர் ஆகிய யாவருக்கும் தொழில் பிறப்பால் வந்தது. அல்லது நிலத்தைப் பற்றிய கடமையாக வந்தது. தகுதி இன்னதென்று ஒருவன் எழுதிக் காட்ட வேண்டியதில்லை; ஊரே அதனை அறியும். 1803ஆம் ஆண்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதும், அவ்வாண்டிலேயே கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையிடம் தோல்வியுற்றதும் பலரும் அறிந்த வரலாறு. அதன்பின் வன்னியின் ஆட்சி கச்சேரிக்குச் சென்றது. 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியமுறை இலங்கையில் நீக்கப்பட்டது. பிறப்பாலும் நிலத்தாலும் வந்த கடமை அகன்று, கூலிக்கும் சம்பளத்துக்கும் செய்யும் தொழில் தலையெடுத்த காலம் அது. தொழில் தானாக வந்த காலம் போய், தேடிப் பெறவேண்டிய காலம் பிறந்தது. அங்கேதான் விண்ணப்பத்தின் கதையும் தொடங்குகின்றது.

ஆயினும் தன் தகுதியைத் தானே எடுத்துரைக்கும் கலையைத் தமிழர் வெள்ளையரிடமே கற்றனர் என்று கொள்ளுதல் பிழையாகும். காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டினது, மற்றொன்று 921ஆம் ஆண்டினது. ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தெரிந்தெடுக்கும் விதிகள் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. இறை செலுத்தும் நிலம் காற்பங்கு வேலிக்கு மேல் உடையவராயிருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடுகட்டி வாழ்பவராயிருத்தல் வேண்டும். பிந்திய கல்வெட்டின்படி வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழுமாக இருத்தல் வேண்டும். முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவராவர். இன்றைய வர்த்தமானி அறிவித்தலில் 'தகைமைகள்' என்னும் தலைப்பின்கீழ் வருவதை ஒத்தது இது. வேறுபாடு ஒன்றே. அங்கே தகுதியை ஊர் அறிந்து ஓலையிற் பெயரெழுதிற்று. இன்று தகுதியுடையவன் தானே எழுதி அறிவிக்க வேண்டியிருக்கின்றது.

தானே எழுதி அறிவிக்கும் முறைக்கும் தமிழில் முன்மாதிரி உண்டு. புலவர் வள்ளல்களுக்கு விடுத்த சீட்டுக்கவி என்னும் செய்யுள் மடலே அது. சீட்டுக்கவியின் இலக்கணம் கவனிக்கத் தக்கது. புலவர் முதலிற் குனிவதில்லை. தாம் இன்னார், தம் புலமை இத்தகையது என்று நிமிர்ந்து கூறுவார். பெறுபவரின் சிறப்பை அடுத்துச் சொல்வார். பின்னர் வேண்டிய பொருளை ஒளிவின்றிக் கேட்பார். பாரதியார் 1919ஆம் ஆண்டில் எட்டயபுரம் மன்னருக்கு விடுத்த சீட்டுக்கவியும் இம்மரபில் வந்ததே. வறுமையிலும் செருக்குக் குன்றாத மடல் அது.

மேனாட்டிலும் இத்தகைய மடல் ஒன்று பேர்பெற்றது. ஏறத்தாழ 1482ஆம் ஆண்டளவில் லியனார்டோ டா வின்சி, மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்போர்சாவிடம் பணிசெய்ய விரும்பி எழுதிய மடலின் படி இன்றும் உள்ளது. உலகம் போற்றும் ஓவியர் தம் ஓவியத்திறனை முதலிற் கூறியிருப்பார் என்றே எவரும் எண்ணுவர். அவரோ தம்மால் இயல்வனவற்றைப் பத்துப் பிரிவுகளாக வகுத்து, எளிதிற் சுமந்து செல்லத்தக்க பாலங்கள், பீரங்கிகள், கவச வண்டிகள், கோட்டையை உடைக்கும் உபாயங்கள் எனப் போருக்கு உரியனவற்றையே முன்வைத்தார். சமாதான காலத்தில் கட்டடமும் நீர்வழியும் அமைக்கவும், சிற்பஞ் செதுக்கவும், ஓவியந் தீட்டவும் வல்லேன் என்பது இறுதியிலேயே வருகின்றது. அந்நாளில் மிலான் பகைவர் நடுவே இருந்தது. அதன் அதிபதிக்கு வேண்டியது எது என்பதை லியனார்டோ அறிந்திருந்தார். தனக்குப் பிடித்ததை எழுதாமல், பெறுபவருக்குத் தேவையானதை எழுதினார். அதற்குப் பொய்யும் கூறினாரல்லர். சீட்டுக்கவியின் நிமிர்வும் இம்மடலின் கூர்மையும் ஒன்றுசேர்ந்தால் அதுவே நல்ல விண்ணப்பம். ஆனால் வன்னிக்கு வந்துசேர்ந்தது இவை இரண்டுமல்ல, பெட்டிசமே வந்தது.

அது வந்த வழி ஆங்கிலம். 1802ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் திகதி இலங்கை அரசாங்க வர்த்தமானியின் முதலிதழ் வெளியாயிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் அறிக்கையை அடுத்து, 1833 முதல் அரசாங்க உத்தியோகங்களின் வாயில் இலங்கையருக்குச் சிறிது திறக்கப்பட்டது. அவ்வாயிலின் திறவுகோல் ஆங்கிலம் என்பதை யாழ்ப்பாணத்தார் விரைவில் உணர்ந்தனர். 1823இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி, கல்வித் தரத்தால் நாடெங்கும் புகழ்பெற்றது. சமயத் தொண்டுக்கென வளர்க்கப்பட்ட மாணவர் பலர் ஆங்கிலம் கற்றதும் உத்தியோகத்தை நாடிச் சென்றமை மிசனரிமாருக்கு மனக்குறையாயிற்று; 1855இல் செமினறி மூடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னர் அப்பரம்பரையினர் மலாயாவரையுஞ் சென்று புகையிரதப் பகுதியிலும் பிற பகுதிகளிலும் எழுதுவினைஞராயினர். 1875இல் பொன்னம்பலம் அருணாசலம் இலண்டனில் நடந்த போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். பரீட்சை வழியாக அச்சேவை புகுந்த முதல் இலங்கையர் அவரே. 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்' என்ற பழமொழி வடபுலத்தில் வேரூன்றியது இச்சூழ்நிலையிலேதான்.

வன்னிக்கு இத்தகைய பள்ளிகள் வாய்க்கவில்லை. காய்ச்சலும் பஞ்சமும் ஊர்களை வெறுமையாக்கிய காலம் அது. ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் சேவை அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைநூலைப் புரட்டுவோர், குளங்கள் உடைந்தும் கிராமங்கள் மெலிந்தும் கிடந்த ஒரு நாட்டையே காண்பர். முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் கச்சேரிகள் எழுந்தன. ஆனால் அவற்றின் மேசைகளில் அமர்ந்தோர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தோர். உள்ளூரான் கச்சேரி வாயிலில் மரநிழலில் நின்றான். அவனுக்காக எழுதுவதற்கு அங்கே ஒருவர் இருந்தார். ஆங்கிலம் சிறிது அறிந்த பெட்டிசக்காரர் அவர்.

அந்த மரநிழலை வன்னியின் முதல் விண்ணப்பப் பள்ளிக்கூடம் என்று கூறலாம். அது கற்பித்த பாடந்தான் தவறானது. பெட்டிசக்காரர் வழக்குக்கும், காணிக்கும், உத்தியோகத்துக்கும் ஒரே அச்சில் வார்த்தே மடல் எழுதினார். தொடக்கத்தில் மகாராஜராஜஸ்ரீ என்றோ அதற்கு நேரான ஆங்கிலத்திலோ நீண்ட விளிப்பு. நடுவில் மனுதாரனின் வறுமை, பிள்ளைகளின் எண்ணிக்கை, பெற்றோரின் நோய். இறுதியில் தங்களின் மிகத் தாழ்மையுள்ள கீழ்ப்படிந்த ஊழியன் என்ற முடிவு. ஆங்கில அலுவலகங்களில் அதிகாரிகள் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களிலும் கீழ்ப்படிந்த ஊழியன் என்னும் தொடர் உண்டு. அங்கே அது பொருளிழந்த வெறும் சம்பிரதாயம். மரத்தடியில் அது மெய்யான பொருளோடு எழுதப்பட்டது. எழுதுவித்தவனோ தன் பெயரால் என்ன எழுதப்பட்டது என்பதையே அறியான். அவன் பத்து வருடம் குளக்கட்டுக் காவல் செய்தவனாயிருக்கலாம். ஒரு துருசின் நீர்க்கணக்கை மனத்திலேயே வைத்திருப்பவனாயிருக்கலாம். அது மடலில் வருவதில்லை. பெட்டிசக்காரர் அதனைக் கேட்பதுமில்லை. அவர்மேற் குற்றங் காண்பதும் நியாயமன்று. இரக்கத்துக்கே அக்காலத்தில் மறுமொழி கிடைத்தது.

எழுத்தில் இவ்வாறு குனிந்த வன்னி, நேரிலே தன்னை நிலைநிறுத்திய இடம் ஒன்று உண்டு. காணிக் கச்சேரி என்பது அது. இரணைமடுக் குளம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டு நீர் பாயத் தொடங்கியதும், கிளிநொச்சிப் பகுதியில் மக்களைக் குடியேற்றும் முயற்சிகள் எழுந்தன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் முடிக்குரிய காணியைப் பங்கிடும் முறையை வகுத்தது. குறித்த நாளில் அதிகாரி ஊருக்கு வந்து அமர்வார். காணி கேட்போர் ஊரார் முன்னிலையில் ஒவ்வொருவராக வந்து நிற்பர். வேறு காணி உண்டா, குடும்பத்தில் எத்தனை பேர், பயிர்ச்செய்கையில் பழக்கம் எவ்வளவு என வினாக்கள் எழும். மிகைபடக் கூறுபவனை அருகில் நிற்பவன் மறுப்பான். கூறக் கூச்சப்படுபவனுக்காக அயலவன் பேசுவான். காட்டை வெட்டிக் களனியாக்கக் கூடியவன் யார் என்பதே அங்கே கேள்வி. அதற்கு விடை பட்டமன்று, செய்த வேலை. செல்வாக்கும் சிபாரிசும் அங்கே நுழையவில்லை என்று எவரும் சத்தியஞ் செய்யார். எனினும் தன் உழைப்பைத் தன் வாயாலேயே, தன் மொழியிலேயே சொல்லித் தகுதிபெறும் அரங்காக அது விளங்கியது. இன்றைய நேர்முகப் பரீட்சையின் நல்ல இயல்புகள் சில அதில் இருந்தன.

1960களின் நடுப்பகுதியில் இவ்வரங்குக்குப் புதியோர் சிலர் வந்தனர். படித்த வாலிபர் குடியேற்றத் திட்டம் என்ற பெயரில் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் இளைஞருக்குக் காணி வழங்கப்பட்டது. எழுதுவினைஞர் பரீட்சைக்கு விண்ணப்பித்து விண்ணப்பித்துச் சலித்தவர்கள், யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்து, நீரிறைக்கும் இயந்திரத்தின் துணையோடு மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டனர். 1970களின் முற்பகுதியில் அப்பொருள்களின் இறக்குமதி தடுக்கப்பட்டபோது விலை உயர்ந்தது. உத்தியோகத்தர் பொறாமைப்படத்தக்க வருவாயை அவர்களிற் பலர் கண்டனர். 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, அவ்வருவாய் சரிந்தது. கோறணமேந்து உத்தியோகத்தையே மேலென்று எண்ணிய ஒரு சமுதாயத்தில், படித்தவன் மண்வெட்டியைத் தன் தகைமைகளுள் ஒன்றாகக் கூறத் துணிந்த காலம் அது. சிறிது காலமே அது நீடித்தது.

ஏனையோரின் விண்ணப்பத்துக்கு அக்காலத்தில் இரண்டு பெருந்தடைகள் எழுந்திருந்தன. முதலாவது மொழி. 1945இல் இலவசக் கல்வி வந்து, தாய்மொழிவழிக் கல்வியும் பரவத் தொடங்கியதனால் வன்னிப் பிள்ளைகளும் தமிழில் மேல்வகுப்புவரை கற்க வழி பிறந்தது. ஆங்கிலம் என்னும் பழைய வேலி தளர்கின்ற வேளையிலே 1956இன் அரசகரும மொழிச் சட்டம் சிங்களம் என்னும் புதிய வேலியை அமைத்தது. 1958இன் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம், தமிழிற் கற்றோர் அரசாங்க சேவைப் பரீட்சைகளைத் தமிழில் எழுதலாம் என்றது. ஆனால் சேவையிற் சேர்ந்தபின் குறித்த காலத்துள் சிங்களத் தேர்ச்சி பெறவேண்டும் என்ற நிபந்தனையை உடன் வைத்தது. வாயில் திறந்தது, உள்ளே படிக்கட்டு இல்லை. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கும்வரை ஒரு தலைமுறை இந்நிலையிலேயே விண்ணப்பித்தது.

இரண்டாவது தடை இன்னும் கொடியது. வர்த்தமானியில் அரசாங்கப் பதவிக்கான அறிவித்தல்கள், விண்ணப்பதாரர் இலங்கைப் பிரசையாக இருத்தல் வேண்டும் என்று விதித்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் அவ்வுரிமையை இழந்திருந்தனர். 1958இலும் 1977இலும் நிகழ்ந்த வன்செயல்களால் அலைக்கப்பட்ட அம்மக்களிற் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்து காடழித்துக் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் வன்னிப் பாடசாலைகளில் அயற்பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்து கற்றனர். ஆனால் பிரசாவுரிமை இல்லாதவனுக்கு விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே பேனா நின்றுவிடும். அதற்கு மேல் எத்துணைச் சிறந்த மடல் எழுதியும் பயனில்லை. 1964இலும் அதன்பின்னும் செய்யப்பட்ட உடன்படிக்கைகளாலும், முடிவாக 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலும் இக்குறை நீங்குவதற்குள் பலருடைய விண்ணப்பிக்கும் வயதே கடந்துவிட்டது.

இவற்றோடு சிபாரிசும் இருந்தது. 1977இன் பின் வேலை வங்கி என்றொரு முறை வந்தபோது, விண்ணப்பப் படிவமே நாடாளுமன்ற உறுப்பினர் கையால் வழங்கப்பட்டது. படிவம் கிடைப்பதே பாதி உத்தியோகம் என்றாயிற்று. எழுதுவதைவிட எவரிடம் போய் நிற்பது என்பதே பெரிதாகக் கருதப்பட்ட நாட்டில், நல்ல மடல் எழுதும் பழக்கம் வளராமற் போனதில் வியப்பில்லை.

பின்னர்ப் போர் வந்தது. அதன் முழுக்கதையும் இங்கே கூறப்படுவதில்லை. கடதாசியின் கதை மட்டும் போதும். 1990 முதல் 2002 வரை ஏ-9 வீதி ஊடறுக்கப்பட்டுக் கிடந்தது. வர்த்தமானி வந்துசேருமுன் முடிவுத் திகதி கடந்துவிடுதலும் உண்டு. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தை வாரிச் சென்றது. 2008இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே மாதம்வரை, மக்கள் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என ஓடினர். பிள்ளையை ஒரு கையிலும், பொலித்தீன் பையிற் சுற்றிய பிறப்புச் சான்றிதழ்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் மறு கையிலுமாகக் கொண்டு ஓடியோர் பலர். பையைக் காத்தவர் சிலர். பங்கர்க்குழியில் விட்டவரும், நீரேரியில் இழந்தவரும் பலர். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வந்து நின்றவர்களுட் பலர், தாம் யார் என்பதற்கே தம் சொல்லைத் தவிர வேறு சான்றில்லாதவராயிருந்தனர்.

முகாமிலும், 2010இன் பின் மீள்குடியேறிய ஊர்களிலும் நடமாடும் சேவைகள் நடைபெற்றன. பிறப்புப் பதிவின் பிரதி அங்கே வழங்கப்பட்டது. பதிவு காணப்படாதவர் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறலாயினர். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய ஆண்டும் தெரிந்தால் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களம் மீண்டும் உறுதிப்படுத்தும். ஆனால் புதிய பத்திரங்களால் புதிய சிக்கலும் பிறந்தது. ஒருவருடைய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறொருவிதமாகவும், பெறுபேற்றுத் தாளில் மற்றொருவிதமாகவும் காணப்படும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதியவர்கள் தத்தம் செவிக்கேற்ப எழுதியதன் விளைவு அது. ஒருவரே மூவராகிவிடுவர். இதனைத் தீர்க்கச் சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக் கடதாசி முடிக்கும் வழியுண்டு. விண்ணப்பம் எழுத எண்ணும் இளைஞர், அதனை எழுதுவதற்கு முன்பே, தம் பத்திரங்களைப் பரப்பிவைத்துப் பெயர் ஒன்றாயிருக்கின்றதா எனப் பார்த்தல் நன்று. முடிவுத் திகதிக்கு முந்திய நாளிற் கண்டுபிடித்துப் பயனில்லை.

பத்திரமாயினும் மீளும். பத்திரமே ஒருபோதும் எழுதப்படாத வேலைக்கு என்ன செய்வது? வன்னியின் உண்மையான சிக்கல் இதுவே. போர்க்காலம் முழுவதும் வன்னியில் வேலை நடந்தது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிளைகள் மரத்துக்கு மரம் இடம்மாறி, குடும்ப அட்டைக்கு நிவாரணம் பங்கிட்டன. வைத்தியசாலைகள் பாடசாலைக் கட்டடங்களில் இயங்கின. பாடசாலைகள் மரநிழலில் இயங்கின. இவற்றில் இருப்புக் கணக்கு எழுதியவர்களும், மருந்து எடுத்துக் கொடுத்தவர்களும், வகுப்பு நடத்தியவர்களும் இன்று நாற்பது வயதை அண்டியும் கடந்தும் நிற்கின்றனர். அவர்களுட் பலரின் சுயவிபரக் கோவையைப் பார்த்தால், 'தொழில் அனுபவம்' என்னும் பந்தியில் 'இல்லை' என்ற ஒரே சொல் இருக்கும். நியமனக் கடிதம் இல்லையாதலால் அனுபவமும் இல்லை என்று அவர்களே தீர்த்துக்கொள்கின்றனர். அதற்கீடாக மேலே இணைக்கும் மடலில் இழப்புக்களை அடுக்குகின்றனர். மரத்தடிப் பெட்டிசக்காரர் மறைந்துவிட்டார். அவர் எழுதிய மடல் இன்று கணினியில் அச்சாகின்றது.

ஓர் எடுத்துக்காட்டை ஆராயலாம். கூட்டுறவுச் சங்கமொன்றின் களஞ்சியப் பொறுப்பாளர் பதவிக்கு இருவர் எழுதுகின்றனர் என்று கொள்வோம். ஒருவரது மடல் இவ்வாறு செல்கின்றது: 'போரினால் யாவற்றையும் இழந்து, வயது முதிர்ந்த பெற்றோருடன் துன்புறும் என்மீது இரக்கங்கொண்டு இப்பதவியைத் தந்துதவுமாறு பணிவன்புடன் வேண்டுகின்றேன்.' மற்றையவரது மடல் இவ்வாறு செல்கின்றது: 'இடம்பெயர்ந்த காலத்தில் நிவாரணக் கிளையொன்றில் எட்டு மாதம் இருப்புப் பதிவேடு எழுதினேன். நாள்தோறும் வந்த மூடையும் பங்கிட்ட மூடையும் மாலையில் ஒப்பிடப்பட்டன. அக்கிளையின் அப்போதைய முகாமையாளர் இதனை உறுதிப்படுத்துவார். அவர் முகவரி கீழே உள்ளது.' இருவரும் ஒரே துன்பத்தை அனுபவித்தவர்களே. ஒரே வேலையைச் செய்தவர்களாகவும் இருக்கலாம். முதல் மடலை வாசிக்கும் அதிகாரி மனம் வருந்துவார். அன்று அவருக்கு வந்த நூறு மடல்களிலும் அதே துன்பம் இருக்கும்; அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க அவரிடம் அளவுகோல் இல்லை. இரண்டாவது மடல் அவர் கையில் அளவுகோலைத் தருகின்றது. களஞ்சியத்தில் மூடை குறையாதிருக்க வேண்டும் என்பதே அவர் கவலை. அக்கவலைக்கு மறுமொழி அம்மடலில் உண்டு. மிலான் அதிபதிக்கு லியனார்டோ எழுதியதும் இவ்வாறே.

மடலின் புறவடிவம் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. விண்ணப்பிக்கும் பதவியின் பெயரும், அறிவித்தல் வெளியான திகதியும் முதல் வரியிலேயே வருதல் வேண்டும். மடல் ஒரு பக்கத்துக்கு மேற்படுதல் ஆகாது. சுயவிபரக் கோவையில் அண்மையில் செய்த வேலை முதலில் வரலாம். அரசாங்கப் படிவமாயின் படிவம் கேட்ட ஒழுங்கே ஒழுங்கு. சான்று பகர்வோர் உறவினரல்லாதாராயிருத்தல் வேண்டும் என்று கேட்கப்பட்டால், மாமனார் பெயரை வேறு முகவரியில் எழுதுதல் கூடாது. சிற்றூரில் அது மறைவதுமில்லை. ஒரே மடலைப் பத்து இடத்துக்குப் படியெடுத்து அனுப்பும் வழக்கமும் இன்று பெருகிவருகின்றது. வங்கிக்கு எழுதிய மடலில் ஆடைத் தொழிற்சாலையின் பெயர் மாறாது கிடத்தலைக் கண்டு நகைப்போர் உளர். நகைப்புக்குரியவர் எழுதியவர் மட்டுமல்லர், அவருக்கு மடலெழுதக் கற்பிக்காத பள்ளிக்கூடமுங்கூட. கடிதம் எழுதுதல் தமிழ்ப் பாடத்தில் நெடுங்காலமாக உள்ளதே. ஆயினும் மாணவர் பெரும்பாலும் மனப்பாடஞ் செய்வது விளிப்பையும் முடிவையுமே. நடுவில் எழுதவேண்டிய தன் வேலையை எவ்வாறு எழுதுவது என்பதை அவர் கற்பதில்லை.

எழுதப்பட்ட சிறு குறிப்பொன்று எத்துணை வலிமையுடையது என்பதை வன்னியின் தொண்டர் ஆசிரியர் வரலாறு காட்டுகின்றது. ஆசிரியர் பற்றாக்குறை மிக்க அக்காலத்தில், உயர்தரம் கற்று முடித்த இளைஞரும் பெண்களும் சம்பளமின்றியோ சிறுதொகை பெற்றோ பல ஆண்டுகள் கற்பித்தனர். போர் முடிந்தபின் அவர்களுக்கு நிரந்தர நியமனம் வழங்க நேர்முகப் பரீட்சைகள் நடைபெற்றபோது, சேவைக்காலத்துக்கு எழுத்துமூலச் சான்று கேட்கப்பட்டது. பாடசாலையின் வரவு இடாப்பும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் எஞ்சியிருந்தவர்க்கு வழி எளிதாயிற்று. பாடசாலையோடு அவையும் எரிந்துபோனவர்கள், தாம் கற்பித்ததைக் கற்பித்தோம் என்று நிறுவ இயலாது நின்றனர். பட்டியலிலிருந்து விடுபட்டு மாகாண அலுவலக வாயில்களிற் போராடியோரும் உளர். அவர்களிடம் கற்ற மாணவர்கள் இன்று பட்டதாரிகளாயும், தாதியராயும், ஆசிரியர்களாயும் பல ஊர்களில் இருக்கின்றனர். அவர்களுட் சிலர் தம் பழைய ஆசிரியருக்காகக் கையொப்பமிட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தனர். இன்ன ஆண்டில், இன்ன ஊரில், இன்ன மரத்தடியில், இன்ன பாடத்தை இவர் எமக்குக் கற்பித்தார் என்று அக்கடிதங்கள் கூறின. காணிக் கச்சேரியில் அயலவன் எழுந்து பேசியது போன்றதே அது. அக்கடிதங்களை எல்லா அதிகாரிகளும் ஏற்றுக்கொண்டாரல்லர்.